பம்பில் சொட்டும் தண்ணீரை அடைக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு ஈப்போ, பினாங்கு என்று பழைய காடியை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பும் நேரம் நெருங்கினால், "எஞ்சின் முன்னால கொஞ்சம் தண்ணி சொட்டுது, எதையாச்சும் பூசி அடைச்சி விடுங்க" என்று பலர் கேட்கிறீர்கள். பூசி அடைத்துத் தர எங்களால் முடியாது. காரணத்தை விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். அதன் உடலில், ஷாஃப்டுக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பம்பைச் செய்தவர்களே வேண்டுமென்று போட்ட துளை அது. ஷாஃப்டின் ஒரு முனையில் புல்லியும் ஃபேனும். மறு முனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர். நடுவே பேரிங். பேரிங்குக்கும் தண்ணீருக்கும் இடையில் நிற்பது ஒரு கார்பன் வளையம் மட்டுமே. அதுதான் சீல். ஸ்பிரிங் அதை வழவழப்பான ஒரு முகத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். அந்தக் கார்பன் தேய்ந்ததும் தண்ணீர் நழுவி வரும். பேரிங்கைத் தொடுமுன் அந்தத் துளை வழியாக வெளியே விழுந்துவிடும். துளையை எப்பாக்சிப் பசை வைத்து அடைத்தால் தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லை, நேரே பேரிங்குக்குள் போகும். கிரீஸ் கழுவப்பட்டு, உருண்டைகள் துருப்பிடித்து, ஷாஃப்ட் ஆட்டம் காணும். மோரிஸ் மைனரில் ஃபேன் பம்பின் புல்லியிலேயே பூட்டப்பட்டிருக்கிறது, அதற்கு எதிரே ரேடியேட்டர். ஷாஃப்ட் ஒடிந்தால் ஃபேன் ரேடியேட்டரையும் கிழித்துவிடும். பம்போடு முடிய வேண்டிய செலவு அங்கே இரண்டு மடங்காகும்.

மஞ்சள்தூள் போட்டால் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் தற்காலிகமாக நிற்கலாம். பம்பின் சீல் சுழல்கிற முகம். தூள் அங்கே நிற்காது, கார்பனைக் கீறத்தான் செய்யும். கடையில் விற்கும் கசிவு அடைக்கும் திரவமும் அப்படித்தான். அதோடு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் அடைத்துவிடும். பிறகு காடி சூடேறினால் பழி பம்பின் மேல் விழும்.

சொட்டுவது பம்பிலிருந்துதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மைனர், மினி போன்ற ஏ-சீரிஸ் எஞ்சின்களில் பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே ஒரு குட்டை பைபாஸ் ரப்பர் குழாய் உண்டு. அது வெடித்தாலும் தண்ணீர் பம்பின் மேல் வழிந்து கீழே சொட்டும், பார்ப்பவர் பம்பைத்தான் சந்தேகிப்பார். எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லா இடத்தையும் துடைத்துவிட்டு, ரேடியேட்டர் வாயில் அழுத்தமானியைப் பூட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு மட்டும் ஏற்றி, பத்து நிமிடம் பாருங்கள். அதே வேளையில் ஃபேனை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று தட்டினால் பேரிங் போய்விட்டது, சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்த மூடி விஷயத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். மைனருக்கு 7 பிஎஸ்ஐ மூடிதான். அளவு பொருந்துகிறதே என்று 13 பிஎஸ்ஐ மூடியைப் போட்டால், வயதான சீல், குழாய், ரேடியேட்டரின் ஈயப் பற்று எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இரு மடங்கு அழுத்தம் ஏறும். கசிவு வந்ததும் மூடியின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பம்பைப் பாருங்கள்.

பம்பைக் கழற்றுவது கடினமான வேலை இல்லை. மைனரில் முன்னதாக ரேடியேட்டரை இறக்கினால் கை தாராளமாகப் போகும். பம்ப் வெளியே வந்ததும் பைபாஸ் குழாயையும் மாற்றிவிட வேண்டும். பத்து ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் போய், அந்தக் குழாய்க்காகவே இதே வேலையை மறுபடியும் செய்ய நேரும். எஞ்சின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைப் பித்தளைத் தகட்டால் சுரண்டுங்கள், எஃகு கத்தி வேண்டாம். போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக, சுமார் 17 அடி-பவுண்டு வரை இறுக்கினால் போதும். பெல்ட்டின் நீளமான பகுதியை விரலால் அழுத்தினால் சுமார் 13 மில்லிமீட்டர் தாழ வேண்டும். கிடார் கம்பி மாதிரி இழுத்துக் கட்டுவதுதான் புதுப் பேரிங்கைக் கொல்லும் பழக்கம்.

பழைய வால்வோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஷா ஆலாமில் வால்வோ காடிகள் பூட்டப்பட்டதால் நம் ஊரில் பி18, பி20 எஞ்சின்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பம்பின் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ரப்பர் வளையங்கள் இருக்கும். புது வளையம் போட்டு, பம்பை மேல்நோக்கி நெம்பி ஹெட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே போல்ட்டை இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பூட்டினால் புதுப் பம்பும் முதல் நாளே மேலிருந்து வழியும்.

பழைய வார்ப்பிரும்பு உடல் நல்ல நிலையில் இருந்தால் பிரித்துப் புதுப்பிப்பது எங்கள் விருப்பம். உடலைச் சூடாக்கி, பேரிங்கை அதன் வெளி வளையத்தில் அழுத்தி உள்ளே இறக்குவோம். ஷாஃப்டைத் தட்டி இறக்கினால் உருண்டைகள் பாதையில் பள்ளம் பதிக்கும், சில மாதத்தில் ஊளையிடும். கார்பன் முகத்தை விரலால் தொடுவதில்லை, எண்ணெய் தடவுவதில்லை. ஏ-சீரிஸில் இம்பெல்லருக்கும் உடலுக்கும் இடைவெளி 0.5 முதல் 0.75 மில்லிமீட்டர் வரை. அதிகமானால் தண்ணீர் சுற்றாது. ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்கும்போது சூடு காட்டும் ஊசி ஏறும். உடலே துருவில் அரித்துப்போயிருந்தால் புதிதுதான்.

தண்ணீர் நிரப்பாமல் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். சீலின் முகம் தண்ணீர்ப் படலத்தில்தான் வழுக்கி ஓடுகிறது. காய்ந்து ஓடினால் கருகும். பூட்டிய புதிதில் முகங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரும்வரை சில சொட்டு விழலாம். நூறு கிலோமீட்டர் தாண்டியும் நிற்காவிட்டால் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம்.

நம் ஊரில் தண்ணீர் உறையாது, ஆகவே ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் திரவம் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கூலன்ட் இங்கே வேண்டியது துருவைத் தடுக்கத்தான். வெறும் குழாய்த் தண்ணீர் வார்ப்பிரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அந்தத் துருமணல்தான் கார்பனை அரைக்கிறது. சுமார் ஐந்தரை லிட்டர் பிடிக்கும் மைனருக்கு 1.8 லிட்டர் கூலன்ட், மீதி காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காடியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட சீல் மறுபடி கிளப்பும்போதுதான் கிழிகிறது.

போருக்கு முந்திய காடிகள் சிலவற்றில் கார்பன் சீல் கிடையாது, கிரீஸ் தோய்த்த கயிற்றுப் பேக்கிங்கும் அதை இறுக்கும் ஒரு நட்டும் இருக்கும். அதில் அவ்வப்போது ஒரு சொட்டு விழுவது சரியான நிலைதான். நட்டை ஆறில் ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள், மேலே மேலே இறுக்கினால் ஷாஃப்டில் கோடு விழும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மடலில் வேலையே இல்லை. காற்றால் குளிரும் எஞ்சின் அது.

கசிவு என்று வருபவர்கள் முதல்நாள் மாலையே காடியை விட்டுச் செல்லுங்கள். காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருந்தால்தான் அழுத்தச் சோதனை செய்ய முடியும். கழுவித் துடைத்துக்கொண்டு வர வேண்டாம், கசிவுக்கறை எங்கிருந்து வழிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
பட்டறையினர்
செந்தூல், கோலாலம்பூர்