மாமாவின் கொட்டகையில் கிடந்த இரண்டு மோட்டார்கள்

பினாங்கு

அன்புள்ள சேகரனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் மூத்தவளின் பட்டமளிப்புப் படம் வந்து சேர்ந்தது. முகம் அம்மாவைக் கொண்டிருப்பதால் பெண் தப்பித்துக்கொண்டாள். மற்ற வீட்டுச் செய்திகளை என் மனைவி உன் மனைவிக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பாள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாத ஒன்று நடந்திருப்பதால்தான் இந்தக் கடிதம்.

பத்து மவுங் என்ற ஊரில் இருந்த மாமா தம் வீட்டைக் காலி செய்துவிட்டு, சுங்கை ஆராவில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். அத்தைக்கு மகிழ்ச்சி. மாமாவோ மின்தூக்கி எழுப்பும் ஓசையைக் கேட்டு அதன் பேரிங் தேய்ந்துவிட்டது என்று காவலாளியிடம் நாள்தோறும் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொட்டகையைக் காலி செய்ய என்னையும் அழைத்திருந்தார். கிழிந்த வலைகளுக்கும் மிதவைகளுக்கும் அடியில் படகின் பின்னால் மாட்டி ஓட்டும் மோட்டார்களான நம் இரண்டு பழைய அறிமுகங்களும் அப்படியே கிடந்தன: பிரிட்டிஷ் சீகலும், பத்துக் குதிரைத்திறன் கொண்ட ஜான்சன் சீ ஹார்ஸும். “சீகல் உனக்கு, ஜான்சன் கோலாலம்பூர்க்காரனுக்கு, தொடாதே என்று சொன்ன பிறகும் அதைத் தொட்டவன் அவன்தானே” என்றார் மாமா. அவர் எதைச் சொல்கிறார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தக் கோழிக்குழம்புப் பானைக்கும் தெரியும்.

ஆக, ஓய்வு பெற்றதும் பினாங்குக்கே திரும்பி வந்து படகு விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் உனக்கு மோட்டார் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் உன்னோடு ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. “அந்தக் காலத்து இரும்புக்குச் சாவே கிடையாது, இந்தக் காலத்து மோட்டாரெல்லாம் வெறும் மின்சாதனம்” என்று சென்ற தீபாவளிக்கு வந்தபோது என் வீட்டு வாசலில் நின்று முழங்கினாய். இரும்பு சாவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரும்புக்கு நடுவே இருக்கும் ரப்பர், தக்கை, மின்கம்பியின் உறை, எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் ஆகியவை ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. அவற்றுள் ஒன்று செத்தாலும் கடல் நடுவில் முழு மோட்டாரும் செத்ததாகத்தான் பொருள். இன்று ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார்களைப் பார்த்துவிட்டு அக்காலத்தவை எல்லாம் உறுதியானவை என்கிறோமே, பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போனவற்றை யார் எண்ணினார்கள்?

முதலில் சீகலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எனக்கு வந்தது, பெருமை அடித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அதன் தொடர் எண்ணின் இறுதியில் ஆங்கில எழுத்து வரிசையின் ஐந்தாவது எழுத்து இரட்டையாகவும் அதையடுத்து 6 என்ற இலக்கமும் பொறிக்கப்பட்டிருப்பதால், அது 1976 மே மாதம் இங்கிலாந்தின் பூல் நகரில் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டேன். 1931இல் தொடங்கி 1996இல் உற்பத்தி நின்றுபோன அந்த மோட்டாரைப் போல் அழகைப் பற்றிக் கவலையே இல்லாமல் செய்யப்பட்ட பொருளை நான் பார்த்ததில்லை. மேல்மூடி இல்லை, தானே சுருளும் கயிறும் இல்லை. முடிச்சுப் போட்ட கயிற்றைச் சுழல்சக்கரத்தின் வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். நீரைத் தள்ளும் விசிறி எதிலாவது மோதினால் முறிந்து கொடுக்கும் ஷியர் பின் என்ற சிறு ஆணிக்குப் பதிலாக ஒரு சுருள்வில்லே விசிறியைச் சுழற்றுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் நூறு மில்லி எண்ணெயைக் கலக்க வேண்டும், அதாவது 10:1; ஐந்து லிட்டருக்கு அரை லிட்டர்! வீட்டின் பின்புறம் பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஓட்டியபோது எழுந்த புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கொசுமருந்து அடிக்கிறார்கள் என்று எண்ணிச் சன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

அதன் கியர்ப்பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் மோர் நிறத்தில் வெளியே வந்தது. பார்த்துக்கொண்டிருந்த என் மகன் பதறிவிட்டான். மாமா சிரித்தார். சீகலின் கியர்ப்பெட்டியில் தண்ணீர் முற்றிலும் புகாத சீல் கிடையாது. கொஞ்சம் நீர் உள்ளே வரும் என்று தெரிந்தே 140 எண் கொண்ட கெட்டியான எண்ணெயை ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். நீரை வடித்து, எண்ணெயை நிரப்பி, வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதே மோர் நிறம் உன் ஜான்சனில் தெரிந்தால் அதற்குப் பொருளே வேறு: சீல் போய்விட்டது, கியர்களும் பேரிங்குகளும் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன, உடனே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் அதனதன் கையேட்டைப் படி என்று நான் கத்துவது இதனால்தான்; நீயோ லாம்பிரெட்டா ஸ்கூட்டருக்கு ஊற்றிய எண்ணெயையே எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற ஆள்.

இப்போது உன் ஜான்சனுக்கு வருகிறேன். உப்புநீரில் ஓட்டியபின் நன்னீரால் கழுவாமல் யாரோ அதைக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். மாமா தம் மருமகனைச் சொல்கிறார், மருமகன் மாமாவைச் சொல்கிறார். அலுமினிய உடலும் எஃகு ஆணிகளும் உப்போடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு ஆணியை இறுகப் பற்றிக்கொள்ளும். பலத்தைக் காட்டித் திருகினால் ஆணியின் தலை கையோடு வந்துவிடும். ஊடுருவும் எண்ணெய் தடவி, சூடு காட்டி, மறுநாள் வரை காத்திருந்து, இம்மி இம்மியாகக் கழற்றினோம். நீரேற்றியின் இம்பெல்லர் கையில் எடுத்ததும் பொடிந்தது. அந்தச் சிறு ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிட்டால் கடல்நீர் மேலே ஏறாது, சிலிண்டர் கொதித்துவிடும். புதிய மோட்டார்களில் நீர் பீச்சியடித்து, எல்லாம் சரி என்று காட்டும் துளை பழையவை பலவற்றில் இல்லை. சிலிண்டரின் தலையைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே இம்பெல்லரை அது கெடும்வரை காத்திருக்காமல் காலக்கெடு வைத்து மாற்று. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதே. உனக்கு அந்த ஆசை வரும் என்பதை நான் அறிவேன்.

அடுத்தது தீப்பொறி. சுழல்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில், பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்களான இரண்டு காயில்களின் உறையும் வெடித்திருந்தது. அறுபது எழுபது ஆண்டுகள் வெப்பத்தைத் தாங்கிய எந்த உறையும் வெடிக்கத்தான் செய்யும். ஈரக்காற்று பட்டதும் மின்சாரம் பிளக்கிற்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். காலையில் ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது என்று மக்கள் பழைய மோட்டாரின் மேல் சொல்லும் குற்றச்சாட்டுகளில் ஒரு பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் துணிபு. நல்ல செய்தி என்னவென்றால், அந்தக் காலத்தில் ஜான்சனும் எவின்ரூடும் ஒரே குழுமத்தின் கீழ் இருந்ததால், சிறியது முதல் பெரியது வரை பல மாதிரிகளுக்கு ஒரே வகை மேக்னெட்டோவை, அதாவது பொறியை உண்டாக்கும் மின்கருவியை, பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் குழுமம் 2000இல் நொடித்துப் போனது. எவின்ரூட் மோட்டாரின் உற்பத்தியும் 2020இல் நிறுத்தப்பட்டது. இருந்தும் காயில், பாயிண்ட், கண்டென்சர், இம்பெல்லர் ஆகியவற்றை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்து விற்கின்றன. இங்கே ஒரு கடையில் இவற்றைக் கேட்டபோது, “பழசைக் கட்டிக்கொண்டு அழாமல் புதுசு வாங்குங்கள்” என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். கடையின் பெயரை எழுத மாட்டேன், நீ போய்ச் சண்டை போடுவாய். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தோம். அஞ்சல் செலவோடு எத்தனை வெள்ளி ஆயிற்று என்பது நம் இருவரின் மனைவியருக்கும் தெரிய வேண்டாம். மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்களை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு வைத்ததும் பகல் வெளிச்சத்திலும் தெரியும் நீலப்பொறி வந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் கோப்பி கொண்டுவரச் சொன்னார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை நாம் என்றைக்குப் பெற்றோம்?

எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது எரிபொருள் தொட்டிதான். அந்த மாதிரியில் பெட்ரோலை இழுக்கும் பம்பு கிடையாது. இரட்டைக் குழாயில் ஒன்றின் வழியாக மோட்டார், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் தன் கிராங்குப் பெட்டியின் அழுத்தத்தைத் தொட்டிக்குள் செலுத்துகிறது; அந்த அழுத்தம் பெட்ரோலை மற்றொன்றின் வழியாக மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வளையம் கசிந்தால் மோட்டார் பட்டினி கிடக்கும். குழாய் வெடித்தாலோ, அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் உன் காலடியில் பீச்சியடிக்கும். எனவே பழைய குழாயைத் தூக்கி எறிந்துவிட்டேன். பம்பு பொருத்தி ஒற்றைக் குழாய்த் தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்பது என் கருத்து, அசல் தன்மை கெட்டுவிடும் என்பது மாமாவின் கருத்து. தீர்ப்பு உன்னுடையது, ஆனால் பேரப்பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் எண்ணம் இருந்தால் தீர்ப்புக்கே இடமில்லை. கார்புரேட்டரில் இருந்த தக்கை மிதவையும் ஊறிக் கனத்துவிட்டது, மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை மோட்டாரை ஓட விடு. தேங்கிய பெட்ரோல் வற்றிப் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். எண்ணெய் 24:1, அதாவது ஐந்து லிட்டருக்கு இருநூறு மில்லிக்குச் சற்று மேல். புதிய இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) மோட்டார்க்காரர்கள் 50:1 போதும் என்பார்கள், கேட்காதே.

இவ்வளவும் செய்து முடித்தபின் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பாய். பீப்பாயில் இரண்டாம் இழுப்பில் பிடித்தது, சத்தம் சீராக இருக்கிறது, இரண்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. நம்பலாமா என்று கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேட்பேன். தெலுக் கும்பார் மீனவர்களைப் பார். பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறவன் எவனும் நம் ஜான்சனைத் தொட மாட்டான். உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும் யமஹாவைத்தான் மாட்டியிருக்கிறான். மூடியைத் திறந்து பிளக்கை மாற்றி ஷியர் பின்னைப் போட்டு நாமே சரி செய்துகொள்ளலாம் என்பது பழையதன் சிறப்பு. அடிக்கடி அப்படிச் செய்ய நேரும் என்பது அதன் குறை. நவீன நான்கு வீச்சு மோட்டார் அரிதாகத்தான் நிற்கும், நின்றால் நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. புகையையும் மறக்காதே. பழைய இரட்டை வீச்சு மோட்டார்கள் குடிக்கும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குப் போய்விடும். நாம் இளைஞர்களாக இருந்தபோது இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

நீரிணையைக் குறுக்கே கடந்து புலாவ் அமான் தீவுக்குப் போய் மீ ஊடாங் என்னும் இறால் மீ சாப்பிட வேண்டும் என்று நீ கனவு காண்பதை அறிவேன். இந்த மோட்டாரை மட்டும் நம்பி வேண்டாம், சேகரா. பினாங்குப் பாலத்தின் தூண்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் நாம் மூவரும் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது நமக்கு இருபது வயது, துடுப்புப் போட மூன்று பேர் இருந்தோம், கப்பல்களும் இவ்வளவு இல்லை. இப்போது நம்மில் ஒருவன் இல்லை. உனக்கு முதுகுவலி, எனக்கு இரத்த அழுத்தம். சுமத்ராவிலிருந்து வரும் விடியற்காலைப் புயற்காற்று முன்னறிவிப்புக்குக் காத்திருப்பதும் இல்லை. ஜெரெஜாக் தீவின் ஓரமாக, கரை கண்ணில் படும் தொலைவில், காற்றில்லாத காலையில் ஓட்டு. துடுப்பு, நங்கூரம், எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி, ஒரு சிறிய புதிய மோட்டாரும் படகில் இருக்கட்டும். புலாவ் அமானுக்குப் பத்து மூசாங் என்ற இடத்துப் படகுத்துறையிலிருந்து படகு விடுகிறார்கள். கட்டணம் கொடுத்து நாகரிகமாகப் போவோம்.

ஒரு வேலை உன் பக்கம் நிலுவையில் இருக்கிறது. உன் ஜான்சன் குட்டைத் தண்டு வகை. படகின் பின்பலகை பதினைந்து அங்குல உயரத்துக்கு இருந்தால்தான் விசிறி சரியான ஆழத்தில் நிற்கும். உனக்குப் படகு செய்யும் தச்சர் இருபது அங்குலத்துக்குப் பலகை வைத்துவிட்டால் விசிறி காற்றைத்தான் கடையும். பலகையை அறுப்பதற்கு முன் அவரிடம் பேசிவிட்டு, அளவை எனக்கு எழுது. தொட்டியைப் பற்றிய உன் முடிவையும் அதிலேயே சொல்லிவிடு. பம்பு வாங்குவதானால் மற்ற சாமான்களோடு சேர்த்தே வரவழைத்துவிடுவேன், அஞ்சல் செலவு மிச்சமாகும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உன்,
மாணிக்கம்