அந்தப் பந்து உருண்டையானதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தால். இரண்டாம் முறை, நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தால். "சமூக நீதிக்காகத் துணிந்து வாய் திறந்த பயிற்சியாளர்களே ரசிகர்களின் நம்பிக்கையை வென்றார்கள்" என்று மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம். அதன் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட உருண்டைப் பந்தின் படம். நல்ல பொருத்தம்தான். இரண்டுமே வேறு ஏதோ விளையாட்டைப் பற்றியவை.

அமெரிக்கர்கள் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை. பந்து கிடக்கட்டும், பிறகு வருகிறேன்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசாரால் கொல்லப்பட்டதும், அதன் பிறகு அந்த நாடே தெருவுக்கு வந்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்து வந்த ஜூன் மாதத்தில் கல்லூரி மைதானங்களில் முதலில் வாய் திறந்தவர் யார், பயிற்சியாளரா, மாணவரா? புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் மைக் நார்வெல், தம் அணியினர் ஒவ்வொருவருடனும் இதைப் பற்றித் தனித்தனியே பேசியதாகச் சொன்னார். அது பொய், எல்லோருக்கும் ஒரே செய்திதான் வந்தது என்று அணியின் மார்வின் வில்சன் ட்விட்டரில் எழுதினார். பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டார். மிசிசிப்பியில், 1894 முதல் பறந்த மாநிலக் கொடியின் மூலையில் அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் சின்னம் இருந்தது. கொடியை மாற்றுங்கள், இல்லையேல் இந்த மாநிலத்துக்காக இனி ஆட மாட்டேன் என்றார் கைலின் ஹில் என்ற மாணவர். அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர்கள் சட்டமன்றத்துக்குப் படையெடுத்தார்கள். மாத முடிவுக்குள் கொடி இறங்கியது. கட்டுரையில் பயிற்சியாளர்கள் படையெடுத்தது இருக்கிறது. ஹில்லின் பெயர் இல்லை. வில்சனின் பெயரும் இல்லை.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். 1980களின் பிற்பகுதியில் நான் அமெரிக்காவின் நடுப்பகுதியில் புள்ளியியல் படித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். மாலை வேளைகளில் அணி மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் பகுதிநேர வேலை. அதில் ஒரு பையன். கறுப்பினத்தவன், ஆறரை அடி உயரம், பின்னங்கள் என்றால் நடுங்குவான். என்னை 'சார்' என்று அழைத்தவன் அந்த நாட்டில் அவன் ஒருவன்தான். இரண்டாம் ஆண்டு முழங்கால் முறிந்தது. மூன்றாம் ஆண்டு அவன் இல்லை. விசாரித்தபோது, உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை என்றார்கள். 1973 முதல் 2012 வரை அங்கே விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே, ஆண்டுதோறும் பயிற்சியாளர் மனம் வைத்தால்தான் அடுத்த ஆண்டுப் படிப்பு என்பதைக் கட்டுரையாளர் அறிவாரா? அந்த விதியைப் பற்றி 'துணிந்து வாய் திறந்த' பயிற்சியாளர் ஒருவரையும் நான் இருந்த ஆண்டுகளில் கேட்டதில்லை. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பின்னங்களை அதற்குப் பிறகு அவன் எங்கே பயன்படுத்தினானோ தெரியாது.

கட்டுரையாளர் நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது ஓக்லஹோமா ஸ்டேட் பயிற்சியாளர் மைக் கன்டியை. தவறு செய்தார், திருந்தினார், ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சுபமாக முடித்துவிட்டார். கன்டியை அவர் கணினித் திரையில் பார்த்திருப்பார். நான் 1988இல், ஓக்லஹோமா ஸ்டேட் இருக்கும் ஸ்டில்வாட்டர் நகர மைதானத்தில், ஆட்டக்காரராகவே பார்த்தவன். நண்பரின் ஓட்டைக் காரில் ஐந்து மணி நேரம் போய், அந்த அணியின் பாரி சாண்டர்ஸ் ஓடுவதைப் பார்த்தோம். அந்தப் பருவத்தில் அவர் பந்தை ஏந்தி ஓடியது 2,628 கெஜம். அதற்கு முன் எந்தக் கல்லூரி ஆட்டக்காரரும் ஒரு பருவத்தில் அவ்வளவு ஓடியதில்லை. அவர் கையில் பந்தைத் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட வெள்ளைக்கார இளைஞர்தான் கன்டி. கறுப்பின இளைஞன் ஓடினால் வெற்றி கிடைக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே மைதானத்தில் அவர் 2005இல் தலைமைப் பயிற்சியாளரானார். வாய் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. தம் ஆட்டக்காரர் ஒருவரைக் குறைத்து எழுதிய பத்திரிகையாளரைப் பார்த்து, "நான் ஆண்பிள்ளை! எனக்கு 40 வயது!" என்று 2007இல் கத்தியது உலகப் புகழ் பெற்றது. 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, மாணவர்களை மே மாதமே மைதானத்துக்கு அழைத்துவிடலாம், மாநிலத்தில் பணம் புழங்க வேண்டும் என்று பேசினார். சம்பளம் வாங்காத மாணவர்களின் நுரையீரலை வைத்து மாநிலத்துக்குப் பணம்! ஜூனில், கறுப்பினத்தவர் உரிமைக்கான பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்தைப் பழித்துவந்த ஒரு தொலைக்காட்சியின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மீன்பிடிக்கப் போனார். படம் வெளியே வந்தது. முந்தைய ஆண்டு 2,094 கெஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் பிடித்த, அவருடைய அணியின் கறுப்பின ஆட்டக்காரர் சூபா ஹப்பர்ட், இதைப் பொறுக்க மாட்டேன், மாற்றம் வரும்வரை இந்த அணிக்காக எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுதினார். அன்றே இருவரும் ஒன்றாக நிற்கும் வீடியோ வந்தது. அதில் தன் வழி தவறு என்று சொன்னவர் யார் தெரியுமா? ஹப்பர்ட்! டி-ஷர்ட் போட்டவரின் மன்னிப்பு மறுநாள் தனி வீடியோவில்தான் வந்தது. கல்லூரி விசாரித்தது, இனவெறிக்குச் சான்று இல்லை என்றது. கன்டி ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் சம்பளக் குறைப்பை ஏற்றார். அப்போது அவருடைய சம்பளம் 50 லட்சம் டாலருக்கு மேல். இருபத்தொரு வயதுப் பையனின் சம்பளம் அப்போது பூஜ்யம்.

இதைத்தான் தங்கள் கட்டுரை 'துணிச்சல்' என்கிறது. யாருடைய துணிச்சல் என்று மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் சாண்டர்ஸைப் பார்த்துக் கைதட்டிய அதே மைதானத்தில், 1951 அக்டோபரில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் ஜானி பிரைட்டின் தாடை உடைக்கப்பட்டது. பந்து அவர் கையை விட்டுப் போன பிறகு விழுந்த அடி. அந்த அடியின் படங்கள் புலிட்சர் பரிசு பெற்றன. அடித்தவருக்குத் தண்டனை இல்லை. பிரைட் கனடாவுக்குப் போய் எட்மன்டன் நகரில் ஆடி, பிறகு பள்ளித் தலைமையாசிரியராகி, 1983இல் இறந்தார். ஸ்டில்வாட்டரிலிருந்து மன்னிப்புக் கடிதம் புறப்பட்டது 2005இல். ஹப்பர்ட் பிறந்த ஊரும் அதே எட்மன்டன். 54 ஆண்டு தாமதித்த ஒரு மன்னிப்புக்கும் ஒரே நாள் தாமதித்த ஒரு மன்னிப்புக்கும் இடையில் என்ன நடந்தது என்று எழுத ஒரு கட்டுரையாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ரசிகர்களின் நம்பிக்கை என்கிறீர்களே, அதன் விலையையும் சொல்கிறேன். 2024இல் கன்டியின் அணி 3 ஆட்டங்களில் வென்று 9இல் தோற்றது. குறை சொன்ன ரசிகர்களை, சொந்தக் கட்டணங்களையே கட்ட முடியாதவர்கள் என்று ஏளனம் செய்தார், பிறகு வழக்கம்போல மன்னிப்பு. 2025 செப்டம்பரில் டல்சா பல்கலைக்கழக அணியிடம் தோற்ற சில நாட்களில் வேலை போயிற்று. டி-ஷர்ட்டுக்குப் போகாத வேலை டல்சாவுக்குப் போனது. டெக்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாம் ஹெர்மன் 2020இல், கறுப்பினப் பையன் கோல் போட்டால் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறீர்கள், உங்கள் பெண்ணோடு பழக விடுவீர்களா என்று ரசிகர்களையே கேட்டார். ஆண்டு திரும்பியதும் அவரும் வெளியே. பேசியதற்காக என்று நான் சொல்லவில்லை. 7 வென்று 3 தோற்றது அங்கே போதாது, அவ்வளவுதான். இந்த நம்பிக்கையைப் பேச்சால் வெல்லவும் முடியாது, இழக்கவும் முடியாது. ஸ்கோர் பலகையில் மட்டுமே அது ஏறி இறங்கும். (கோல் என்று தங்கள் வாசகர்களுக்குப் புரியட்டும் என்றுதான் எழுதினேன். அதற்கு அங்கே வேறு பெயர்.)

பயிற்சியாளர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லுமளவுக்கு நான் கிழடாகிவிடவில்லை. 2015 நவம்பரில் மிசூரி பல்கலைக்கழகத்தில், பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகும்வரை களமிறங்க மாட்டோம் என்று கறுப்பின ஆட்டக்காரர்கள் அறிவித்தபோது, பயிற்சியாளர் கேரி பிங்கெல் மறுநாளே 'நாங்கள் எங்கள் ஆட்டக்காரர்களின் பின்னால் நிற்கிறோம்' என்று படத்தோடு எழுதினார். ஆட்டம் நடக்காவிட்டால் 10 லட்சம் டாலர் நஷ்டம். அதற்கடுத்த நாள் தலைவர் விலகினார். 'பின்னால்' என்ற சொல்லைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1969இல் வயோமிங்கில் 14 கறுப்பின ஆட்டக்காரர்கள் எதிர்ப்பைக் காட்டக் கையில் கறுப்புப் பட்டை கட்டலாமா என்று கேட்கத்தான் பயிற்சியாளரிடம் போனார்கள். 14 பேரையும் அவர் அங்கேயே அணியிலிருந்து நீக்கிவிட்டார். இந்த இரண்டு பயிற்சியாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கட்டுரை எழுந்து நின்றிருக்கும்.

தங்களிடம் கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். 28 ஆண்டுச் சந்தாதாரன் என்ற அளவில் கொஞ்சம் இருக்கிறது என்றே படுகிறது. ஒலிம்பிக் சமயத்தில் நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை 'கட்டுரை அருமை, பாராட்டுகள்' என்று மூன்று சொற்களாகச் சுருக்கிப் போட்டீர்கள். அந்த மூன்றும் நான் எழுதாதவை. என் தலைப்பெழுத்தையும் மாற்றிவிட்டீர்கள். ஆகவே இந்த முறை பெயரே வேண்டாம்.

கேட்பது இரண்டு. ஒன்று, அடுத்த இதழில் திருத்தம் போடும்போது படத்தையாவது மாற்றுங்கள். அந்தப் பந்து இரு முனையும் கூம்பிய, தையல் தெரியும் பழுப்பு நிறப் பந்து. படத்தின் கீழே இடம் இருந்தால் ஹில், வில்சன், ஹப்பர்ட் என்ற மூன்று பெயர்கள் மட்டும் போதும். இரண்டு, தீபாவளி மலர் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. தபால்காரரிடம் கேட்டுவிட்டேன். அவர் தங்களைக் கேட்கச் சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரன்,
தில்லைநகர், திருச்சி.