மாடியில் சோலார் போட்டுத் தரும் வேண்டர்களே, அடுத்த முறை மெகரோடு வாருங்கள்

அன்புள்ள சோலார் வேண்டர்களுக்கு,

சித்திரை கடைசியில் ஒரு சாயங்காலம், கோடை மழையோடு எங்கள் தெருவில் இடி விழுந்தது. என் வீட்டில் இல்லை, இரண்டு வீடு தள்ளி நின்ற தென்னையில். மறுநாள் காலையில் தென்னை மண்டை கருகி நிற்கிறது, என் இன்வெர்ட்டர் திரையில் இன்சுலேஷன் ஃபால்ட், அதாவது எங்கோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது, என்று வருகிறது. மாடியில் ஏறிப் பார்த்தால் ஆறு பேனலும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கின்றன.

உங்களில் ஒருவர் ஆள் அனுப்பினார் (யார் என்பது இங்கே வேண்டாம்). வந்த தம்பி கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போனும்தான். திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம், மின்னல்னா வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மாடிப்படியில் கால் வைக்கவே இல்லை.

அப்புறம் மோட்டார் வைண்டிங் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். மோட்டார் பார்க்கிறவர் என்பதால் மெகர் (வயரில் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) இல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார். முதலில் வீட்டு லைன் பக்கம், அதாவது ஏசி கரண்ட் பக்கம், எம்சிபி சுவிட்சை இறக்கினார், அடுத்து பேனல் பக்கத்துச் சுவிட்சான டிசி ஐசொலேட்டர். வெயில் இருக்கும்வரை பேனலில் கரண்ட் நிற்காது, லோடில் இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி கையைச் சுட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே டிசி பெட்டியைத் திறந்தார். சர்ஜை, அதாவது மின்னலில் திடீரென்று எகிறும் வோல்டேஜை, தாங்கி எர்த்துக்குத் தள்ளுகிற எஸ்பிடியில், கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜின் பச்சையாக இருக்கவேண்டிய ஜன்னல் சிவப்பு. செத்துப்போன அந்தக் கார்ட்ரிட்ஜ் வழியாகக் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது, அதைத்தான் இன்வெர்ட்டர் சொல்லிக்கொண்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜை உருவிவிட்டு மெகர் வைத்தார், வயரில் கசிவு இல்லை. புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் இன்வெர்ட்டர் எழுந்துகொண்டது. நீங்கள் தூக்கிப் போடச் சொன்ன அதே இன்வெர்ட்டர்!

கதை அதோடு முடியவில்லை. நாளுக்கு 13 யூனிட் வந்த இடத்தில் 11.5தான் வந்தது. மறுபடி அண்ணாச்சி வந்து பேனல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். ஐந்தில் 47 வோல்ட், ஆறாவதில் 16. பேனலுக்குள் செல்கள் மூன்று கூறாகப் பிரிந்திருக்கும், கூறுக்கு ஒரு பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த கூறைத் தாண்டி கரண்டை வேறு வழியில் விடுவது), அதில் இரண்டு ஷார்ட் ஆகிவிட்டதால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பழைய மாடல் பேனல் என்றால் பின்பக்கத்துச் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து டயோடை மாற்றிவிடலாமாம். என்னுடையதில் அந்தப் பெட்டிக்குள் சிலிகான் ஊற்றி அடைத்திருக்கிறது, பேனலையே மாற்றவேண்டியதாயிற்று. இதைவிடப் பயம் தருவது டயோடு ஷார்ட் ஆகாமல் அறுந்துபோவது. அப்போது வோல்டேஜ் சரியாகவே காட்டும், ஒரு இலை விழுந்து நிழல் தட்டுகிற அன்றைக்குத்தான் அந்தச் செல் கொதிக்கும். தெர்மல் கேமரா இல்லாமல் அதைப் பிடிப்பது கஷ்டம். உங்களில் எத்தனை பேரிடம் ஒன்று இருக்கிறது?

தென்னையில் விழுந்த இடி என் பேனலுக்கு எப்படி வந்தது? பாசிட்டிவ் வயரை ஒரு ஓரமாகவும் நெகட்டிவ் வயரை எதிர் ஓரமாகவும் ஓட்டியிருக்கிறீர்கள், நடுவில் மாடி அளவுக்கு ஒரு வளையம். பக்கத்தில் மின்னல் அடித்தால் அந்த வளையத்தில் வோல்டேஜ் தூண்டப்படும். இரண்டையும் ஒட்டியே ஓட்டியிருந்தால் அடி குறைந்திருக்கும், வயரும் மிச்சம். எஸ்பிடியின் எர்த் வயர் அரை மீட்டருக்குள் நேராக இருக்கவேண்டும் என்பார்கள். என் வீட்டுப் பெட்டியில் அது நாலு சுற்று சுருண்டு கிடந்தது, பாம்பு மாதிரி. எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குள் இருக்கவேண்டுமே, அளந்தீர்களா என்றால் குழியில் உப்பும் கரியும் போட்டோம் என்கிறீர்கள். கோடையில் அந்தக் குழி எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது.

3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் வாங்கித் தருவதில் நீங்கள் காட்டிய சுறுசுறுப்பை நான் மறுக்கவில்லை. இடி விழுந்த வீட்டுக்கும் அதே சுறுசுறுப்போடு வாருங்கள் என்கிறேன். பேனல் வாரியாக வோல்டேஜ், மெகர் அளவு, எஸ்பிடி நிலை, எர்த் அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அதற்குக் கட்டணம் கேட்டால் தருகிறோம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் மின்னல் சேதமும் அடக்கம். ஆனால் சர்வேயர் வரும்போது நீட்ட ஒரு தாள் வேண்டுமே, உங்கள் ஆள் எடுத்த போட்டோவையா காட்டமுடியும்?

ஐப்பசி மழைக்கு முன்னால் என் எர்த் குழியை அளக்க யாராவது வந்தால் நல்லது. சிவந்துபோன கார்ட்ரிட்ஜைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அந்தத் தம்பியே வந்தால் காட்டுகிறேன், அவருக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

இப்படிக்கு,
தென்காசிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர்