பாலத்துக்கு ஒரு விதி, வீதிக்கு ஒரு விதி வேண்டாம்: கோவை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர், துணை மேயர், 100 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அவினாசி சாலை மேம்பாலத்தின் பெயரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பீளமேட்டுப் பக்கம் குடியிருக்கிறேன், அந்தப் பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக எழும்பிய வருடங்கள் முழுக்க அதன் அடியில் தூசியும் நெரிசலுமாகப் போய் வந்தவர்களில் ஒருவன். பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, மாநகராட்சி கட்டியதல்ல, பெயரை அறிவித்ததும் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின்தான், இதெல்லாம் தெரியும். ஆனாலும் மடல் உங்களுக்குத்தான். ஏனென்றால் பாலத்தின் பெயரில் ஆரம்பித்த சண்டை இப்போது வந்து நிற்பது வீதிகளின் பெயரில், வீதிகள் உங்கள் பொறுப்பு.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக. உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், 2025 அக்டோபர் 9 அன்று திறப்பு. பெயர் ஜி.டி.நாயுடு மேம்பாலம். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் தெருக்கள், சாலைகள், குடியிருப்புகளின் பெயர்களில் இருக்கும் சாதியை எடுக்க வேண்டும் என்ற அரசாணையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததும் ஊரில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தை ஆரம்பித்த ஆட்சி எது, முடித்த ஆட்சி எது என்ற வாக்குவாதம் ஒரு பக்கம் ஓடட்டும், அது எனக்கு முக்கியமில்லை. பெயர்தான் முக்கியம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஜி.டி. அவர்களுக்கு அந்த மரியாதை தகும் என்பதில் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கலங்கலில் 1893இல் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்து, அதை யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்த்தவர். 1937இல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் இந்த ஊரில் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. இன்று கோவையில் எந்தச் சந்துக்குள் போனாலும் மோட்டார், பம்ப்செட் பட்டறைச் சத்தம் கேட்கிறதே, அதன் வேரைத் தேடிப் போனால் அவரிடமும் அவரைப் போன்ற சிலரிடமும்தான் போய் நிற்போம். சவர பிளேடு, ரேடியோ, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம், பருத்தி, பப்பாளி என்று கை வைக்காத துறை குறைவு. அரசின் வரிக் கொள்கை பிடிக்காமல் தான் செய்த பொருள்களைத் தானே மக்கள் முன்னால் உடைத்துக் காட்டும் பிடிவாதமும் அவரிடம் இருந்தது.

அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் நிறுத்தம் என்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கல்லூரி எது என்று தெரியும்? ஆர்தர் ஹோப் என்பவர் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக இடமும் உழைப்பும் கொடுத்தவர், அதன் முதல் முதல்வராக இருந்தவர் ஜி.டி. இன்ஜினியரிங் படிக்க நான்கு வருடம் தேவையில்லை, இரண்டே வருடம் போதும் என்று அரசோடு மோதி அவர் வெளியே வந்துவிட்டார். கல்லூரியும் அந்த இடத்தை விட்டுத் தடாகம் சாலைக்குப் போய், இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. கவர்னர் போய், கல்லூரி போய், எண்பது வருடம் ஆன பிறகும் கண்டக்டர் ‘ஹோப் காலேஜ்’ என்றுதான் கத்துகிறார். உருவாக்கியவரின் பெயர் அந்த நிறுத்தத்தில் இல்லை. அதற்கு மேலே ஓடும் பாலத்துக்கு அவர் பெயர் வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

அப்புறம் என்ன பிரச்சினை என்றால், அந்தப் பெயரின் கடைசிச் சொல், ‘நாயுடு’ என்ற சாதிப் பெயர்.

டவுன்ஹாலைச் சுற்றி வாருங்கள். வைசியாள் வீதி இருக்கிறது, இடையர் வீதி இருக்கிறது, செல்வபுரம் பக்கம் செட்டி வீதி இருக்கிறது. இவை மாற வேண்டும் என்று சொன்ன அதே அரசு, பத்து கிலோமீட்டர் பாலத்தின் பெயரில் ‘நாயுடு’ என்று எழுதியது. ‘ஜி.டி.’ என்று வெறும் எழுத்துகளை மட்டும் போட்டால் யாரென்று அடையாளம் தெரியாது என்று ஆட்சித் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். நியாயமான கவலைதான். ஆனால் “அப்போ எங்க வீதிப் பேர்ல இருக்குற பெரியவரை மட்டும் சாதி இல்லாம எப்படிங்க அடையாளம் தெரியும்?” என்று எங்கள் பகுதியில் ஒருவர் கேட்டபோது அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது, ஏனென்றால் அந்த இரண்டையும் பிரிக்கிற கோடு எதுவும் போடப்படவில்லை. பெரிய மனிதர் என்றால் விலக்கு என்றால், யார் பெரிய மனிதர் என்று முடிவு செய்வது யார்? ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் பெரியவர் பெரியவர்தான். ஒரு விலக்குக் கொடுத்தால் 100 வார்டிலும் விலக்குக் கேட்டு வருவார்கள். கடைசியில் கேட்க ஆள் இல்லாத வீதிகளில் மட்டும் விதி பாயும்.

இதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஆர்.எஸ்.புரம். சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் இந்த நகராட்சியின் தலைவராக இருந்தவர், சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வரக் காரணமானவர்களில் முக்கியமானவர். அவர் பெயரில்தான் அந்தப் பகுதி இருக்கிறது. அதை யாரும் முதலியார் புரம் என்று சொன்னதில்லை, ரத்தினசபாபதி புரம் என்றுதான் வைத்தார்கள், அதுவே மக்கள் வாயில் ஆர்.எஸ்.புரம் ஆனது. சாதி இல்லை, மரியாதை குறையவில்லை, தமிழ்நாடு முழுக்க எல்லோருக்கும் தெரிகிறது. ஜி.டி.க்கும் அதே கதைதான். அவரது குடும்ப நிறுவனங்களே ‘ஜீடீ’ என்ற பெயரில்தான் நடக்கின்றன. அவினாசி சாலையில் இருக்கும் அந்தக் கார் மியூசியத்தின் பெயரும் ஜீடீ கார் மியூசியம்தான். கோவைக்காரர்களிடம் ‘ஜி.டி. மேம்பாலம்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒருவராவது யார் என்று திருப்பிக் கேட்கட்டும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்றால் இரண்டு முனையிலும் அவர் படத்தோடு, அவர் செய்தவற்றைப் பத்து வரியில் எழுதிப் பெரிய கல்வெட்டு வையுங்கள். இப்போதைய பலகையை விட அதில்தான் அவருக்குக் கூடுதல் கௌரவம்.

என் கருத்து இது. எதிர்க் கருத்துக்காரர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களில் எனக்கு நெருங்கியவர்களும் உண்டு. ‘ஒருத்தர் வாழ்நாள் முழுக்கப் போட்ட கையெழுத்தைச் செத்த பிறகு வெட்டுவது அவமானம்’ என்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வாதம் எங்கே நடந்திருக்க வேண்டும்? பாலம் திறப்பதற்கு முன்னால், மாமன்றம் கூடும் விக்டோரியா ஹாலில், உங்கள் முன்னிலையில். தூண் எழும்பி, தளம் போட்டு, விளக்கு மாட்டும் வரை வருடக்கணக்கில் நேரம் இருந்தது. பெயர் என்ன வைக்கலாம் என்று ஒரு வார்டிலாவது கேட்டீர்களா? 2022இல் இருந்து, வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் இருக்கின்றன. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றி அங்கே பேசுகிறோம், சரி, அது தேவைதான். தினமும் நாங்கள் வாயால் சொல்லப் போகிற பெயரைப் பற்றியும் அங்கே பேசியிருக்கலாம். கேட்டிருந்தால் ஒருவேளை பெரும்பான்மை ‘நாயுடு’ இருக்கட்டும் என்றே சொல்லியிருக்கும், நான் தோற்றிருப்பேன். அப்படித் தோற்றால் பரவாயில்லை. கேட்காமலே வந்து இறங்கிய பெயரால்தான், ஊரே சேர்ந்து கொண்டாட வேண்டிய ஒரு மனிதரின் சாதியைப் பற்றி ஊர் வாதாடிக்கொண்டிருக்கிறது. அது அவருக்கு நடந்திருக்கக் கூடாது.

வீதிகள் விஷயத்துக்கு வருகிறேன். அரசாணை மீதான வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கருத்துக் கேட்கும் வேலையைச் செய்யலாம், இறுதி முடிவு எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. பாலத்தில் விட்டதை வீதியில் பிடிக்க அது ஒரு வாய்ப்பாக இருந்தது. அதிகாரிகள் மேஜையில் உட்கார்ந்து பட்டியல் போட்டு, கவுன்சிலர் கையெழுத்து வாங்கி, தீர்மானம் ஒரே மூச்சில் நிறைவேறுவது கருத்துக் கேட்பு ஆகாது.

சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. வைசியாள் வீதியில் இருப்பவருக்கு அந்த முகவரியால் ஒரு நஷ்டமும் இல்லை. பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுகிற குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே வளர்ந்த பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, வாடகை வீடு தேடும்போது, அந்த ஒரு வரி முகவரி அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது. ‘காலனி’ என்ற சொல்லையே அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததும் இந்த வலிக்காகத்தான். முதல் பகுதி சபையை அங்கே கூட்டுங்கள். புதுப் பெயர் என்ன வேண்டும் என்று அங்கே இருப்பவர்களே சொல்லட்டும்.

பெயர் தேடும்போது பூப் பெயர், பழப் பெயர் என்று பொத்தாம் பொதுவாகப் போகாதீர்கள், ஒவ்வொரு நகரத்திலும் ஒரு மல்லிகை வீதி வந்து தபால்காரர்தான் தடுமாறுவார். இந்த ஊருக்கு உழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதே அவினாசி சாலையில், பாலம் முடிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சின்னியம்பாளையம். அந்த ஊரின் தியாகிகளாக நினைக்கப்படும் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற தொழிற்சங்கத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மில்களால் வளர்ந்த ஊர் என்று பெருமை பேசுகிறோம், மாநகருக்குள் நாம் தினமும் சொல்கிற ஒரு சாலைப் பெயரிலாவது இந்த நான்கு பேரில் ஒருவர் வர வேண்டாமா? பஞ்சாலைகளில் நூல் நூற்ற பெண்கள், வாய்க்காலும் குளமும் காத்தவர்கள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் சொல்ல ஒரு கதை உண்டு, கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள்.

அப்புறம் காகித வேலை. பெயர் மாற்றத்தை எதிர்ப்பவர்கள் எல்லோரும் சாதிப் பற்றால் எதிர்க்கவில்லை, பாதிப் பேருக்கு அலைச்சல் பயம். ஆதார், ரேஷன் கார்டு, மின் இணைப்பு, சொத்து வரி ரசீது, கிரயப் பத்திரம், கடைக்காரர் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு நாள் கூலி. வீதிப் பெயரை மாற்றும் தீர்மானத்திலேயே, அந்த வீதிக்குச் சிறப்பு முகாம் நடத்தி எல்லா ஆவணங்களையும் கட்டணமில்லாமல் திருத்திக் கொடுப்போம் என்று ஒரு வரி சேருங்கள். சில வருடங்களுக்குப் பலகையில் புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரும் சின்ன எழுத்தில் இருக்கட்டும், கூரியர் பையன் திண்டாட வேண்டாம். இதைச் செய்தால் எதிர்ப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது: அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். சாதிப் பெயர் நீக்கும் விதி பெரியவர் சிறியவர், பாலம் சந்து என்று பார்க்காமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும், மேம்பாலத்துக்கு ‘ஜி.டி. மேம்பாலம்’ என்ற பெயரைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் அரசுக்குத் தீர்மானம் அனுப்புங்கள். அதில் உடன்பாடு இல்லாத உறுப்பினர்கள் ஏன் இல்லை என்று எழுந்து பேசட்டும், அது குறிப்பேட்டில் ஏறட்டும், நாங்கள் படித்துக்கொள்கிறோம். வீதிப் பெயர்களுக்குப் பகுதி சபைத் தேதிகளை ஒரு மாதம் முன்னதாகவே வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள், வேலைக்குப் போகிறவர்களும் வர ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள். எங்கள் வார்டுக் கூட்டத்துக்கு நான் வருவேன், எனக்கு எதிராகப் பேசுகிற நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
பீளமேட்டில் இருந்து ஒரு கோவைவாசி