பிரேக் வேலையை வீட்டிலேயே செய்யலாமா?

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் குளிர் கடுமையாக இருந்தாலும் வீட்டில் அனைவரும் நலம் என்று எழுதியிருந்தது மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. இங்கும் எல்லோரும் சுகம். ஆடி மாதம் ஆகையால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அண்டாக்களையும் விறகையும் ஏற்றிக்கொண்டு என் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, வாரம் தவறாமல் கோயிலுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பிரேக்கைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்வி எனக்கும் இப்போது நெருக்கமான கேள்விதான்.

உன் புதிய பிக்கப்பின் முன்சக்கர பிரேக் பேடுகள் தேய்ந்துவிட்டன என்றும், பட்டறையில் பெரிய தொகை கேட்டார்கள் என்றும், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று நீ சொன்னதற்கு, இந்தக் காலத்து வண்டியில் எல்லாம் கம்ப்யூட்டர், நீங்கள் கை வைக்கக் கூடாது என்று அங்கிருந்தவர் தடுத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உன்னைத் தேவையில்லாமல் பயமுறுத்தியிருக்கிறது. பெடலை மிதித்தால் பூஸ்டர் அந்த அழுத்தத்தைப் பெருக்குகிறது, மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது, டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பருக்குள் உள்ள பிஸ்டன், உராய்வுத் துண்டான பேடைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. நாம் இளவயதில் கழற்றிப் பூட்டிய வண்டிகளில் இருந்த அதே ஏற்பாடுதான் இது. ஏபிஎஸ் என்பது மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் நடுவே வைத்த சில வால்வுகளும் ஒரு பம்பும். சக்கரம் பூட்டிக்கொள்ளும் நேரத்தில் அது குறுக்கே வந்து வேலை செய்கிறது, மற்ற நேரங்களில் ஆயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஆகவே பேடு மாற்றுவது, டிஸ்க் மாற்றுவது, காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்களுக்குக் கிரீஸ் வைப்பது, ஆயில் மாற்றுவது எல்லாம் உன்னால் தாராளமாக முடியும்.

ஆனால் இரண்டு இடங்களில் நீ எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, மின்சாரக் கைப்பிரேக். உன் வண்டியில் பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் இருந்து, கைப்பிரேக்குக்கு நெம்புகோல் இல்லாமல் ஒரு பொத்தான் மட்டும் இருக்குமானால், பின் காலிப்பரில் ஒரு சிறு மோட்டார் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் கிளாம்பு வைத்துப் பிஸ்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகும் பற்சக்கரமும் உடைந்து, பேடின் விலையைப்போல் பல மடங்கு செலவு வைத்துவிடும். சில வண்டிகளில் அந்த நிலைக்குப் போகும் முறையைக் கையேட்டிலேயே கொடுத்திருப்பார்கள். மற்றவற்றுக்கு வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவி வேண்டும். இரண்டாவது, ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் புகவிடக் கூடாது. புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேனரால் அந்தப் பம்பை ஓடவிட்டுத்தான் காற்றை வெளியேற்ற முடியும். ஆயில் தொட்டி வறண்டு போகாமல் பார்த்துக்கொண்டாலே அந்தத் தொல்லை வராது. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக உட்புறமிருந்து அழுத்தும் டிரம் பிரேக்கும் கையால் இழுக்கும் நெம்புகோலும்தான் இருக்கிறது என்றால் முதல் எல்லையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியின் காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பார். உன்னிடம் இருப்பது சர்வீஸ் பிளானா, மெயின்டனன்ஸ் பிளானா? பின்னது என்றால் தேய்மானப் பொருள்களும் அதில் சேரும். பேடுகளை அவர்களே மாற்றித் தர வேண்டியிருக்கலாம், நீ ஒரு ராண்டும் செலவழிக்க வேண்டியிராது. வாரன்டி போய்விடுமோ என்ற பயத்தைப் பொறுத்தவரை, போட்டி ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வாரன்டி காலத்திலும் வண்டியை வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளும் உரிமையை அவை நமக்குத் தருகின்றன. செய்த வேலையால் ஏதேனும் பழுது நேர்ந்தால் அந்தப் பாகத்துக்கான உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்பதையும் மறக்காதே. வாங்கும் ஒவ்வொரு சாமானின் ரசீதையும் கிலோமீட்டர் எண்ணோடு ஒரு கோப்பில் வைத்துக்கொள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. நம் நாட்டில் தனியார் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. வண்டி கை மாறும்போதுதான் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பத்தாண்டுகள் ஒருவரிடமே இருக்கும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கும்படி எந்தச் சட்டமும் யாரையும் வற்புறுத்துவதில்லை. உன் கண் பார்க்காவிட்டால் வேறு எந்தக் கண்ணும் பார்க்காமலேயே போய்விடலாம்.

அண்மையில் பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியைப் பார்த்தோம். சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேடு பாதிக்கு மேல் இருக்கிறது, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் வெளிப்பேடு அவன் சொன்னபடியே இருந்தது. உட்பேடோ அதன் முதுகிலுள்ள இரும்புத் தகடே டிஸ்க்கை உரசும் அளவுக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. மிதவைக் காலிப்பரில் பிஸ்டன் உட்பக்கம்தான் இருக்கிறது. அது உட்பேடை முதலில் தள்ளும். பிறகு காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, கடற்காற்றின் உப்பும் மழைநீரும் உள்ளே போய், கிரீஸ் இருந்த இடத்தில் காப்பிப்பொடியைக் குழைத்ததுபோல் துரு அடைத்துக்கொண்டிருந்தது. காலிப்பர் நகரவே இல்லை. பேடை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சில மாதங்களில் அதே கதிக்குத்தான் வந்திருக்கும். உங்கள் ஊரின் வறண்ட காற்றில் இது இத்தனை விரைவில் நேராது; ஆனாலும் பேடைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பின்களை வெளியே உருவி, துடைத்து, விரலால் தள்ளினாலே வழுக்கி ஓடுகிறதா என்று பார்த்துவிடு. சிலிகான் கிரீஸ் மட்டுமே வை. சாதாரண பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பெருத்து, அந்த ஸ்லைடு பின் மறுபடியும் இறுகிவிடும்.

டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது எந்தக் கனம் வரைக்கும் தேயலாம் என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும்; துருவைத் தேய்த்தால் தெரியும். மைக்ரோமீட்டர் கொண்டு சுற்றிலும் பல இடங்களில் அளந்து அந்த எண்ணோடு ஒப்பிடு. மாற்ற நேர்ந்தால், புதிய டிஸ்க்கை வைப்பதற்கு முன் டிஸ்க் பொருந்தும் மையப் பகுதியான ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதில் 0.05 மில்லிமீட்டர் கனமே இருந்தாலும், டிஸ்க் சாய்ந்து, அதன் விளிம்பில் அந்த விலகல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். முதல் நாள் உனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அங்கே கனம் குறைந்துபோகும். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். அதற்கான காரணம் டிஸ்க்கைப் பூட்டிய நாளிலேயே ஹப்பின்மேல் ஒட்டியிருந்திருக்கும். புதிய டிஸ்க்கின்மேல் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயையும் பிரேக் கிளீனரால் கழுவிவிட வேண்டும்.

பேடு வாங்கும்போது அதன் விளிம்பில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பார். முதலாவது இளஞ்சூட்டிலும், இரண்டாவது கடுஞ்சூட்டிலும் அந்தப் பேடு எவ்வளவு உராய்வு தரும் என்பதைக் காட்டுகின்றன. ஈ (E) என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை. பாரம் ஏற்றும் வண்டிக்கு ஈ குறியிட்ட மலிவான பேடை நான் வாங்க மாட்டேன். வலது, இடது இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்று.

ஆயிலை மாற்றிக் காலமாகிவிட்டது என்று நீ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அந்த வரிதான். டிசம்பரில் குடும்பத்தோடு பாரம் ஏற்றிக்கொண்டு என்3 சாலையில் வான் ரீனன் கணவாயில் இறங்கி வருவாய். மூன்று டன் எடையோடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஒருமுறை முழுவதுமாக நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், மூன்று லிட்டருக்கும் அதிகமான குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது; நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு ஆறுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 (DOT 4) தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவுகோல் 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும் பொருள் ஆகையால் பெடல் தரைவரை போகுமே தவிர வண்டி நிற்காது. 2013 செப்டம்பரில் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தின் அடியில் லாரி மோதி 24 பேர் இறந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கை தானாகவே கியரைக் குறைக்கிறது. நீயும் இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே வண்டியைப் பிடிக்க விடு. ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடு.

ஆயில் மாற்றும் வேலைக்கு இன்னொருவர் துணை வேண்டும். எங்கள் வீட்டில் பேத்திதான் பெடலில் உட்காருவாள். லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண் இதையும் தெரிந்துகொள்ளட்டும் என்று நான்தான் அழைத்தேன். நான் "அழுத்து" என்றால் மெல்ல அழுத்துவாள்; ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்ததும் பழைய ஆயில் தேநீர் நிறத்தில், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியே பாட்டிலுக்குள் இறங்கும்; நிப்பிளை மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுப்பாள். குழாயில் புதிய ஆயிலின் வெளிர்நிறம் குமிழியில்லாமல் வரும்வரை இது நடக்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடு. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போனால் அங்கே படிந்த அழுக்கு அதன் ரப்பரைக் கிழித்துவிடும். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது இடது பின்சக்கரம். பொதுவாக அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனாலும் உன் கையேட்டில் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதன்படியே செய். அதேபோல் பேடு மாற்றுகையில் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போதும் நிப்பிளைத் திறந்து அந்த அழுக்கு ஆயிலை வெளியே விட்டுவிடுவது என் வழக்கம். ஏபிஎஸ் வால்வுகளை நோக்கி அதை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

பின் டிரம்முக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்று. ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் பூட்டியிருக்கும் பக்கத்தைப் பார்த்துத் தெளியலாம். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக ஓடும், மாற்றிப் பூட்டிவிடாதே. தூசியைக் காற்றடித்து ஊதாதே, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடை. முன்பு பிரேக் பேடுகளில் கலந்துவந்த ஆஸ்பெஸ்டாஸை நம் நாடு 2008-ல் தடை செய்துவிட்டது என்றாலும், பிரீஸ்காவிலும் குருமானிலும் அந்தச் சுரங்கத் தூசியைச் சுவாசித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்த நாம் எந்த பிரேக் தூசியையும் மூச்சில் ஏற்றக் கூடாது.

எங்கள் சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளின் வாசல் சரிவாக இருப்பதால் வேலைக்கு நான் கோயில் பின்புறத்துச் சமதளத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறேன். உங்கள் வாசல் சமமானதுதான். என்றாலும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலையும் உள்ளே நீட்டாதே. ஸ்டாண்டு கொடு, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வை. போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கு. நட்டுகளை 100 கிலோமீட்டருக்குள் மறுபடியும் சரிபார். எல்லாம் பூட்டிய பிறகு, வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதி. பிஸ்டன் பின்னுக்குப் போயிருப்பதால் முதல் மிதிகளில் பிரேக்கே இருக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைப்பதைப் பத்துத் தடவை செய்து, நடுநடுவே ஆறவிட்டுப் புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்கு.

சாமான் எதையும் இப்போதே வாங்கிவிடாதே. இந்த வாரக் கடைசியில் முன்சக்கரங்களை மட்டும் கழற்றி, டிஸ்க்கில் பொறித்த எண், நீ அளந்த கனம், உட்பேடு வெளிப்பேடு இரண்டின் மீதம், பின்கள் நகரும் விதம், பின்பக்கம் இருப்பது டிரம்மா டிஸ்க்கா என்பது ஆகியவற்றை எனக்கு எழுது. மைக்ரோமீட்டர் இல்லையென்றால் என்னுடையதை மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் அடுத்த வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க் வருகிறான். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்