திருச்செங்கோட்டுல சட்டசபை வரலாற்றுக் கருத்தரங்கு: இன்னும் 1,37,500 ரூபாய் துண்டு விழுகுதுங்க

அர்த்தநாரீசுவரர் துணை.

எல்லாருக்கும் வணக்கமுங்க. சுத்தி வளைக்காம சொல்லிடறோம். தை மாசம் ரெண்டாவது சனி, ஞாயிறு நடத்தறதா இருக்கற கருத்தரங்குக்கு மொத்தச் செலவு 3,10,000 ரூபாய். இதுவரைக்கும் வந்தது 1,72,500. அதுலயும் ஆராய்ச்சிப் பசங்க பழைய ஆவணம் தேடி சென்னை போய்ட்டு வந்த செலவு, புத்தகம் போட அச்சகத்துக்காரருக்குக் கட்டுனது, மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் குடுத்த அட்வான்ஸ் எல்லாம் போக கையில இருக்கறது வெறும் 10,500. மண்டபத்துக்காரர் மார்கழி பிறக்கறதுக்குள்ள மிச்ச 30,000ஐக் கட்டலைன்னா வேற பார்ட்டிக்கு விட்டுருவேன்னுட்டாரு. அவர் மேல தப்பு சொல்ல முடியாதுங்க, தை முகூர்த்தத்துல கல்யாணத்தை விட்டுட்டு சட்டசபை வரலாறு பேசறவங்களுக்கு மண்டபம் குடுக்கறதே பெரிய விஷயம்.

இது நமக்கு ஏழாவது வருஷம். மொத வருஷம் 30 பேரு வந்தாங்க, அதுல பாதிப்பேரு சாப்பாட்டுக்கு வந்தவங்க. போன வருஷம் உக்கார சேர் பத்தலை.

"இந்த ஆராய்ச்சியெல்லாம் மெட்ராஸ்காரங்க, டெல்லிக்காரங்க பாக்கற வேலை, போர் போடற ரிக் வண்டி ஓட்டற ஊருல எதுக்கு?"ன்னு வருஷா வருஷம் ஒருத்தராவது கேக்கறாங்க. அவங்களுக்குத்தான் இந்தப் பதில். இங்கிருந்து பைக்குல கிளம்புனா டீ ஆறறதுக்குள்ள போய்ச் சேர்ற குமாரமங்கலம், அந்த ஜமீனைச் சேர்ந்த டாக்டர் ப. சுப்பராயன்தான் 1926ல இருந்து 1930 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்கே முதல் மந்திரி. அவர் எப்படி வந்தாருங்கறதே ஒரு கதை. 1926 தேர்தல்ல சுயராஜ்யக் கட்சிக்காரங்கதான் எச்சா ஜெயிச்சாங்க, ஆனா பதவி ஏத்துக்க மாட்டோம்னுட்டாங்க, நீதிக்கட்சியும் வேண்டாம்னுருச்சு, அப்புறம் எந்தக் கட்சியும் சாராத இவரைக் கூப்புட்டு கவர்னர் மந்திரிசபை அமைக்கச் சொன்னாரு. 1928ல சைமன் கமிஷன் விவகாரத்துல கூட இருந்த ரெண்டு மந்திரியும் ராஜினாமா பண்ணிட்டாங்க, எதிர்க்கட்சியா இருந்த நீதிக்கட்சி கைகுடுக்க ஆட்சி தப்பிச்சுது. கூட்டணி அரசியல்னு இன்னைக்கு டிவியில கத்தறதெல்லாம் நம்ம ஊர்க்காரர் 100 வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துட்டாருங்க. அரசு வேலையில சாதி, மத வாரியா இடம் ஒதுக்கற வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆட்சியிலதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சபைக்குள்ள வந்து துணைத் தலைவர் ஆனதும் அப்பத்தான். அந்தம்மா அன்னைக்கு எடுத்த தேவதாசி ஒழிப்பு விஷயம் முழுச் சட்டமா ஆனது 1947ல, அப்பவும் ஓமந்தூரார் மந்திரிசபையில சுப்பராயன் இருந்தாரு. அவர் சம்சாரம் ராதாபாய் சுப்பராயன் 1930ல லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவங்க, மக பார்வதி கிருஷ்ணன் கோயமுத்தூர்ல கம்யூனிஸ்ட் எம்.பி., ஒரு மகன் ராணுவத் தளபதி, இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம் மத்திய மந்திரி. எங்க தலைவர் ஐயா இந்த இடத்துக்கு வந்தா நிறுத்தவே மாட்டாரு, நாலு பக்கம் எழுதிக் குடுத்தாரு, இத்தனைதான் போட முடிஞ்சுது, கோச்சுக்க வேண்டாமுங்க ஐயா.

கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1933ல மத்திய சட்டசபைக்கே தலைவரா உக்காந்தவரு. காங்கிரஸுக்கு எதிர்ப்பக்கம் இருந்த நீதிக்கட்சிக்காரரைத்தான் நேரு கூப்புட்டு சுதந்திர இந்தியாவோட மொத நிதி மந்திரி ஆக்குனாரு. 1947 நவம்பர் 26ல அவர் போட்ட மொத பட்ஜெட்ல வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. நாட்டோட மொத பட்ஜெட்டே பற்றாக்குறையோடதான் ஆரம்பிச்சுதுங்க, நம்ம கமிட்டி கணக்கைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைபாளையத்து சி. சுப்பிரமணியம், அவிநாசிலிங்கம் செட்டியார், கூட்டுறவு இயக்கத்துக்காரர் டி.ஏ. ராமலிங்கம் செட்டியார் இவங்கெல்லாம் நாட்டோட அரசியல் சட்டத்தை எழுதுன அரசியல் நிர்ணய சபையில உக்காந்தவங்க. மொழிப் பிரச்சினை வந்தப்ப தென்னாட்டுக்காக ராமலிங்கம் செட்டியார் அங்க எழுந்து பேசியிருக்காரு. நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? காலேஜ்ல அரசியல் பாடம் படிக்கற புள்ளைகளுக்கே தெரியலை, கேட்டா உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லிட்டு நிறுத்திக்குதுக.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொல்றோம். நம்ம செயலாளர் பழைய பேப்பர் கடைக்கு தீபாவளிக் குப்பையைப் போடப் போனவரு, தராசு மேல ஒரு தடி புக்கைப் பார்த்திருக்காரு. மெட்ராஸ் சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு, ஒரு காலத்து வக்கீல் வீட்டுல இருந்து வந்தது. முதுகுத் துணி கிழிஞ்சு, ஓரமெல்லாம் செல்லரிச்சு, நடுவுல ஒரு பக்கத்துல பென்சிலால கோடு போட்டு ஓரத்துல "நம்ம தாலூகா"ன்னு எழுதியிருந்துச்சு. கிலோ 14 ரூபாய்க்கு வாங்குனாரு. கூட இன்னும் எட்டு புக்கு இருந்துச்சாம், முந்தின நாளே மில்லுக்குப் போயிருச்சாம். அதுக்கப்புறம்தான் ஆராய்ச்சி மாணவருங்களை எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கு நம்ம செலவுலயே அனுப்பலாம்னு கமிட்டி முடிவு பண்ணுச்சு. நம்ம பக்கத்து உறுப்பினருங்க கேட்ட கேள்வி, மந்திரி சொன்ன பதில், எல்லாத்தையும் எடுத்து தமிழ்ல சுருக்கி ஒரு புத்தகமா போடறதுதான் இந்த வருஷத்து பெரிய வேலை.

இன்னொரு வேலை காவேரி ஆத்துக்கு அக்கட்டால. 1996ல மொடக்குறிச்சித் தொகுதியில 1033 பேரு வேட்பாளரா நின்னது ஞாபகமிருக்குமுங்க. விவசாயிங்க குறையை யாரும் கேக்கலைங்கற கோவத்துல வரிசையா நின்னு மனு போட்டாங்க. ஓட்டுச் சீட்டு சீட்டா இல்லை, புக்கா அச்சடிச்சாங்க, தேர்தலையே தள்ளி வச்சாங்க. அதுக்கப்புறம்தான் சட்டசபைக்கு 250 ரூபாயா இருந்த டெபாசிட் 5,000 ஆச்சு. சட்டத்தையே மாத்த வச்ச மனுசங்க நம்ம பங்காளிக, ஆனா அவங்க வாய்ப்பேச்சை யாரும் ஒழுங்கா பதிவு பண்ணி வைக்கலை. போன ஆடியில நம்ம புள்ளைக ஒரு பெரியவரைப் பார்த்துச்சுக. மஞ்சக்காட்டு வரப்புல உக்காந்து பேசுனாரு. எத்தனை ஓட்டுங்க அப்பாருன்னு கேட்டதுக்கு, "ரெண்டு கண்ணு. ஒண்ணு நாம்போட்டது. இன்னொண்ணு ஆருன்னு இன்னைக்கு வரைக்கும் தேடிட்டிருக்கறேன், எங்கூட்டுக்காரி நானில்லைங்கறா." புரட்டாசியில மறுபடி போனப்ப அவர் இல்லைங்க. இவங்கெல்லாம் ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட முடியாத வேலை இது.

கணக்கு கேக்கறவங்களுக்கு: மண்டபம் 50,000. சாப்பாடு 200 பேருக்கு ரெண்டு நாள், காலையும் மத்தியானமும், ஒரு இலை 110ன்னு 88,000. டீ, வடை 16,000. வெளியூர் பேராசிரியருங்களுக்கு வண்டிச் செலவு, ரூம் 34,000. ஆறு மாணவருங்களுக்கு ஆளுக்கு 9,500 வீதம் 57,000. புத்தகம் 500 பிரதி, ஒண்ணு 130ன்னு 65,000. சாப்பாட்டுக்கு இத்தனையான்னு கேக்காதீங்க, நம்மூருக்கு வந்தவங்களைப் பசியோட அனுப்புன பேரு நமக்கு வேண்டாம். போன வருஷம் ரெண்டாம் நாள் சாம்பார் பத்தாம ரசத்தை வச்சு ஓட்டுனது இன்னும் பேச்சா இருக்கு. கமிட்டிக்காரங்க யாரும் இதுல ஒரு டீ கூட குடிக்கறதில்லை, அது கைக்காசு.

இதுவரைக்கும் குடுத்தவங்களுக்குக் கையெடுத்துக் கும்புடறோம். பேரு போட வேண்டாம்னு கண்டிசனா சொன்னதால போடலை. ஆந்திராவுல போர் போட்டுட்டிருக்கறப்பவே போன் பண்ணி 50,000 அனுப்பிச்ச ரிக் வண்டிக்கார மாமா, சங்ககிரி லாரிப் பட்டறைக்காரர், ஒரு மாசப் பென்சனை அப்படியே கவர்ல போட்டு பையன் கையில குடுத்தனுப்புன ரிட்டயர்டு டீச்சரம்மா, மூணு வருஷமா கேக்காமயே அரிசி மூட்டை இறக்கற மில்லுக்காரர், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர், தறி ஓடாத சீசன்லயும் ஆளுக்கு 200 போட்டு 4,600 சேர்த்துக் குடுத்த தறி ஓட்டறவங்க 23 பேரு. அந்த 4,600ஐ வாங்கறப்ப எங்க பொருளாளருக்குக் கை நடுங்கிருச்சுங்க. அந்தப் புண்ணியம் அவங்க குழந்தை குட்டிகளுக்குச் சேரட்டும், மலை மேல இருக்கற அம்மையப்பன் பாத்துக்குவாரு.

கூடவே ஒண்ணு சொல்லோணும், வருத்தப்படாதீங்க. போன வருஷம் மேடையில மாலை போட்டுக்கிட்டு மைக்குல 25,000 அறிவிச்சுட்டுப் போன ஒருத்தர்கிட்ட இருந்து இன்னும் 25 ரூபாய் கூட வரலை. கைதட்டுனது நாமதான். மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரின்னா மறுபேச்சு பேசாம குடுக்கறோம், மொய் நோட்டுல 500 எழுதுனவனுக்கு 1,000 திருப்பி எழுதறோம், எலெக்சன்னா டீக்கடையில ராத்திரி 11 வரைக்கும் அரசியல் பேசறோம். பேசறதுக்கு இருக்கற நேரம் அதோட வரலாற்றுக்கு 500 ரூபாய் குடுக்கறதுக்கு இல்லாம போச்சான்னு நாளைக்கு பேரன் பேத்தி கேட்டா என்னங்க சொல்றது? குத்திக்காட்டோணும்னு சொல்லலை, மனசு தாங்காமத்தான் சொல்றோம்.

500ல இருந்து எவ்வளவுன்னாலும் சரி. 9,500 குடுத்தா ஒரு மாணவர் செலவு உங்க கணக்குல. பணமா முடியாதவங்க அரிசி, பருப்பு, எண்ணெய், வாழை இலை குடுக்கலாம், வெளியூர்க்காரங்க ரெண்டு பேரை ராத்திரி வீட்டுல தங்க வச்சாலே எங்களுக்கு ரூம் வாடகை மிச்சம். கார்த்திகை முடியறதுக்குள்ள குடுத்தவங்க பேரு மட்டும்தான் புத்தகத்துல வருமுங்க, அச்சகத்துக்காரர் கடைசிப் பக்கத்தை அதுக்காக நிறுத்தி வச்சிருக்காரு. சனி, ஞாயிறு காத்தால 10 மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் மண்டபத்துக்கு எதுத்தாப்புல இருக்கற டீக்கடையில பொருளாளர் ரசீது புக்கோட உக்காந்திருப்பாரு. ரசீது இல்லாம யார் கையிலயும் பணம் குடுக்காதீங்க, கமிட்டிக்காரங்களே கேட்டாலும் சரி.