செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கராஜ் நடத்தும் அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாகக் குழு 6 தடவை கூடியது. ஆயுத பூசை வழமைபோல் நடந்தது.

புகைக்குழாயில் வரும் நச்சு வாயுவைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் பற்றி நான் நடத்திய செயல்விளக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது வேன் இழுக்கவில்லை என்று யாராவது சொன்னால், உள்ளேயிருக்கும் தேன்கூட்டுக் கல்லை உடைத்தெடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் அந்தக் கல்லில்தான் பூசியிருக்கிறது. அதை எடுத்தால் நச்சு வாயு அப்படியே வெளியேறும்.

சதுர அங்குலத்துக்கு 400 துளை உள்ள கல்லில் ஒரு துளையின் அகலம் 1 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். அதற்குள் வாயு உராய்ந்து போவதில் கொஞ்சம் அழுத்தம் குறைகிறது. இன்னொரு இழப்பு வாசலிலேயே நடக்கிறது. ஒடுங்கிய குழாயிலிருந்து, கல்லுக்கு முன்னால் அகன்று விரியும் கூம்புக்குள் வரும் வாயு சுவரை ஒட்டி விரியாமல் நடுவில் பாய்கிறது. ஓரத்துத் துளைகளுக்குச் சாய்வாகத்தான் போய்ச் சேருகிறது. சாய்ந்து வந்தது நேரான துளைக்குள் திரும்பும்போது அதன் பக்கவாட்டு வேகம் வீணாகிறது. வாயுவின் வேகம் இரட்டிப்பானால் உராய்வு இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாசல் இழப்போ நான்கு மடங்காகும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது அது பெரிதாவது அதனால்தான்.

இதைக் கண்ணால் காட்ட, பழைய புளோவர் ஒன்றையும் வண்ணத் தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் குழாயையும் வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைத்தேன். கூம்புக்குப் பக்கத்திலேயே வளைவு ஒன்றை ஒட்டியதும் தண்ணீர் இன்னும் ஏறியது, அதாவது அழுத்த இழப்பு கூடியது. 34 அங்கத்தவர்களில் வந்தவர்கள் 9 பேர். மற்றவர்கள் மழையைக் காரணம் சொன்னார்கள். அந்த 9 பேரும் அதே மழையில்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த வாரமே, கல்லில் கை வைக்காமல், நசுங்கியிருந்த வாசல் குழாயை மட்டும் மாற்றி ஒரு வேனை அனுப்பினார். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

19 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. நேரில் கேட்டும் கிடைக்கவில்லை. வரவும் செலவும் ஏறக்குறைய சமன். விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. புளோவர் செலவை நான் இன்னும் சங்கத்திடம் கேட்கவில்லை.

தலைவருக்கும் பொருளாளருக்கும் மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் இதைச் செய்துகாட்ட ஆசை. தனியாளாக முடியாது. சாமான் தூக்க இரண்டு பேரும், லொறிக் கூலிக்கு நிலுவைச் சந்தாவில் ஒரு பகுதியும் வந்தால் தை மாதமே தொடங்கலாம்.

செயலாளர்